டியுடிஎன்

டியுடிஎன் என்பது ஐக்கிய அமெரிக்காவிலும் மெக்சிக்கோவிலும் எசுப்பானிய மொழியில் ஒளிபரப்பாகும் ஒரு விளையாட்டுத் தொலைக்காட்சி வலையமைப்பு ஆகும். ஐக்கிய அமெரிக்காவில் இது ஏப்ரல் 7, 2012 இல் யூனிவிஷன் டெப்போர்ட்டெஸ் நெட்வொர்க் என்ற பெயரில் தொடங்கப்பட்டது. ஜூலை 20, 2019 இல் மெக்சிக்கோவின் டெலிவிசா நிறுவனத்தினுடைய விளையாட்டுப் பிரிவுடன் ஒன்றாக்கப்பட்டு, டியுடிஎன் என்னும் பெயரைப் பெற்றது. 2022 ஆம் ஆண்டு ஜனவரி இறுதியில் உருவான டெலிவிசாயூனிவிஷன் நிறுவனம் இதன் உரிமையாளர் ஆகும். கால்பந்தாட்டமே இதன் முதன்மையான உள்ளடக்கம். குத்துச்சண்டை முதலிய பிற விளையாட்டுகளும் இதில் இடம்பெறுகின்றன.

இவ்வலையமைப்பின் வரலாறு இரண்டு சிக்கல்களோடு பிணைந்துள்ளது. வெளிநாட்டவர் ஒருவர் அமெரிக்கத் தொலைக்காட்சி நிலையம் ஒன்றை எவ்வளவு தூரம் உடைமையாக வைத்திருக்கலாம் என்பது முதலாவது. ஓர் ஆட்டத்தை ஒளிபரப்பும் உரிமை யாருடைய கையில் இருக்கின்றது என்பது இரண்டாவது. அமெரிக்காவில் வாழும் எசுப்பானிய மொழி பேசுவோர் எந்தெந்த ஆட்டங்களைத் தம் மொழியில் பார்க்க முடிந்தது என்பதைப் பெரும்பாலும் இவ்விரண்டுமே தீர்மானித்தன.

பெயர்

டியுடிஎன் என்ற சுருக்கத்தில் உள்ள முதலிரண்டு எழுத்துகள் டெலிவிசா, யூனிவிஷன் ஆகிய இரு நிறுவனங்களையும் குறிக்கின்றன. அடுத்த இரண்டும் டெப்போர்ட்டெஸ் நெட்வொர்க் என்பதன் முதலெழுத்துகள். டெப்போர்ட்டெஸ் என்பது எசுப்பானியத்தில் 'விளையாட்டுகள்' எனப் பொருள்படும். முதலிரண்டு எழுத்துகளைச் சேர்த்து 'து' என்று படித்தால், அது எசுப்பானியத்தில் 'உன்னுடைய' என்ற பொருளையும் தரும்.

பின்னணி

ஐக்கிய அமெரிக்காவின் முதலாவது முழுநேர எசுப்பானிய மொழித் தொலைக்காட்சி நிலையம் 1955 இல் டெக்சாஸ் மாநிலத்தின் சான் அந்தோனியோ நகரில் ராவுல் கோர்த்தெஸ் என்பவரால் தொடங்கப்பட்டது. 1960களின் தொடக்கத்தில் இந்நிலையம் மெக்சிக்கோவின் ஊடக முதலாளியான எமிலியோ அஸ்காராகா விதௌரெத்தா தலைமையிலான குழுவினரிடம் சென்றது. பின்னாளில் டெலிவிசா என்று அறியப்பட்ட நிறுவனத்தின் நிறுவனர் இவரே. லாஸ் ஏஞ்சலஸ் உள்ளிட்ட நகரங்களில் தொடங்கப்பட்ட பிற நிலையங்களுடன் இதையும் இணைத்து, எசுப்பானியப் பன்னாட்டு வலையமைப்பு என்ற அமைப்பு உருவாக்கப்பட்டது. யூனிவிஷனின் முன்னோடி இதுவே.

இவ்வமைப்பின் நிகழ்ச்சிகளில் மிகப் பெரும்பாலானவை மெக்சிக்கோவில் தயாரிக்கப்பட்டவை. தொடர்நாடகங்கள், பல்சுவை நிகழ்ச்சிகள் ஆகியவற்றோடு கால்பந்தாட்டமும் அவ்வழியே அமெரிக்காவுக்கு வந்தது. அஸ்காராகா குடும்பம் 1959 முதல் மெக்சிக்கோ நகரின் கிளப் அமெரிக்கா என்ற கால்பந்துக் கழகத்தையும் தன்வசம் வைத்திருந்தது. அக்கழகம் ஆடும் அஸ்தெக்கா விளையாட்டரங்கம் 1966 இல் திறக்கப்பட்டது. ஆட்டம் நடக்கும் அரங்கு, ஆடும் கழகம், அதைக் காட்டும் தொலைக்காட்சி ஆகிய மூன்றும் ஒரே குழுமத்தில் அடங்கிய இந்த அமைப்பு முறை, பிற்கால நிகழ்வுகளைப் புரிந்துகொள்ள இன்றியமையாதது.

வெளிநாட்டு உடைமைக்கான சட்டத் தடை

ஐக்கிய அமெரிக்காவின் 1934 ஆம் ஆண்டுத் தொடர்பாடல் சட்டம், ஒலிபரப்பு உரிமங்களை வெளிநாட்டவர் கைக்கொள்வதைக் கட்டுப்படுத்துகின்றது. உரிமம் பெற்ற நிறுவனத்தில் வெளிநாட்டவரின் நேரடிப் பங்கு 20 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. அந்நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும் தாய் நிறுவனத்தில் 25 விழுக்காடு என்பது வரம்பு. கூட்டாட்சித் தொடர்பாடல் ஆணையம் விரும்பினால் இவ்வரம்பைத் தளர்த்தலாம். காற்றலைகள் பொதுச் சொத்து என்பதும், போர்க்காலத்தில் அவை வெளிநாட்டவர் வசம் இருத்தல் ஆபத்து என்பதும் இச்சட்டத்தின் அடிப்படைக் கருத்துகள் ஆகும்.

நிலையங்களுக்கு மட்டுமே உரிமம் தேவை. அவற்றுக்கு நிகழ்ச்சி வழங்கும் வலையமைப்புக்கு உரிமம் தேவையில்லை. எனவே அஸ்காராகா குடும்பம் வலையமைப்பின் பெரும்பங்கைத் தானே வைத்துக்கொண்டு, நிலையங்களில் சட்டம் அனுமதித்த சிறு பங்கை மட்டும் வைத்திருந்தது. எஞ்சிய பங்குகள் ரெனே அன்செல்மோ முதலிய அமெரிக்கக் குடிமக்களிடம் இருந்தன. ஆயினும், உண்மையான கட்டுப்பாடு மெக்சிக்கோவிலேயே உள்ளது என்ற குற்றச்சாட்டு எழுந்தது. 1986 ஜனவரியில் ஆணையத்தின் நிர்வாகச் சட்ட நீதிபதி ஒருவர், இந்நிலையங்களின் உரிமங்களைப் புதுப்பிக்கக்கூடாது என்று தீர்ப்பளித்தார்.

இதைத் தொடர்ந்து, நிலையங்கள் ஹால்மார்க் நிறுவனத்துக்கும் அதன் கூட்டாளிக்கும் ஏறத்தாழ 30 கோடி அமெரிக்க டாலருக்கு விற்கப்பட்டன. வாழ்த்து அட்டைகள் தயாரிப்பதில் பெயர் பெற்ற ஹால்மார்க், பின்னர் வலையமைப்பையும் வாங்கியது. 1987 இல் யூனிவிஷன் என்ற பெயர் நடைமுறைக்கு வந்தது.

1992 இல் ஹால்மார்க் யூனிவிஷனை 55 கோடி டாலருக்கு விற்றது. வாங்கிய குழுவின் தலைவர் ஜெரால்டு பெரென்சியோ என்ற அமெரிக்கர். டெலிவிசாவும் வெனிசுவேலாவின் வெனெவிசியோன் நிறுவனமும் சட்ட வரம்புக்கு உட்பட்ட சிறுபான்மைப் பங்காளிகளாகச் சேர்ந்தன. இவ்விரு நிறுவனங்களின் நிகழ்ச்சிகளை 25 ஆண்டுகளுக்கு யூனிவிஷனுக்கு வழங்கும் ஒப்பந்தமும் அப்போது செய்துகொள்ளப்பட்டது. இவ்வாறு டெலிவிசா உடைமையின் வழியாக இழந்த செல்வாக்கை நிகழ்ச்சி வழங்குநர் என்ற நிலையில் மீட்டுக்கொண்டது.

உலகக்கோப்பை ஒளிபரப்பு

1978 முதல் 2014 வரை கால்பந்து உலகக்கோப்பைப் போட்டிகள் ஐக்கிய அமெரிக்காவில் எசுப்பானிய மொழியில் யூனிவிஷன் வழியாகவும் அதன் முன்னோடியின் வழியாகவும் ஒளிபரப்பாயின. ஆங்கிலத் தொலைக்காட்சிகள் கால்பந்தைப் பெரிதாகக் கருதாத காலத்தில், எசுப்பானியம் அறியாத ரசிகர்களும் இந்த ஒளிபரப்பை நாடினர். அர்ஜென்டினாவில் பிறந்த வர்ணனையாளர் அந்திரேஸ் கந்தோர், 1990, 1994 ஆம் ஆண்டுப் போட்டிகளில் 'கோல்' என்ற சொல்லை மூச்சு முட்டும் வரை நீட்டி முழங்கியமை, மொழி எல்லை கடந்து புகழ்பெற்றது. இவர் 2000 ஆம் ஆண்டில் போட்டி நிறுவனமான டெலிமுண்டோவுக்குச் சென்றார்.

எசுப்பானிய மொழி உரிமையின் மதிப்பு விரைவாக உயர்ந்தது. 2002, 2006 ஆகிய இரு போட்டிகளுக்கும் சேர்த்து யூனிவிஷன் 15 கோடி டாலர் செலுத்தியது. 2010, 2014 ஆகிய இரண்டுக்கும் அது 32.5 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. அதே இரு போட்டிகளின் ஆங்கில உரிமைக்கு ஏபிசி, ஈஎஸ்பிஎன் ஆகியவை 10 கோடி டாலரே கொடுத்தன. சிறுபான்மை மொழியில் ஒளிபரப்பும் உரிமை பெரும்பான்மை மொழியின் உரிமையைவிட மும்மடங்குக்கும் மேல் விலை போனது.

இதற்கு மக்கள்தொகை மாற்றமும் ஒரு காரணம். 2000 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 3.53 கோடியாக இருந்த இசுப்பானிய, இலத்தீன் அமெரிக்க வழியினரின் எண்ணிக்கை, 2010 இல் 5.05 கோடியாகவும், 2020 இல் 6.21 கோடியாகவும் உயர்ந்தது. இவர்களுள் மிகப் பெரிய பிரிவினர் மெக்சிக்கோ வழியினர் ஆவர்.

2007 ஆம் ஆண்டு விற்பனையும் கடன் சுமையும்

யூனிவிஷன் 1996 இல் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது. 2006 இல் அது மீண்டும் விற்பனைக்கு வந்தபோது, டெலிவிசாவும் ஒரு குழுவாக வாங்க முயன்று தோற்றது. மாடிசன் டியர்போர்ன், புராவிடன்ஸ் ஈக்விட்டி, டிபிஜி, தாமஸ் எச். லீ ஆகிய முதலீட்டு நிறுவனங்களும் ஹாயிம் சாபனின் நிறுவனமும் அடங்கிய குழு 2007 இல் யூனிவிஷனைக் கையகப்படுத்தியது. ஏற்றுக்கொண்ட கடன்களையும் சேர்த்து இதன் மதிப்பு ஏறத்தாழ 1,370 கோடி டாலர் ஆகும். டெலிவிசா தன் பங்குகளை விற்று வெளியேறியது.

இவ்வகைக் கையகப்படுத்தலில், விலையின் பெரும்பகுதி கடனாகத் திரட்டப்படுகின்றது. அக்கடன் வாங்கியவர்கள் மீதன்றி, வாங்கப்பட்ட நிறுவனத்தின் மீதே ஏற்றப்படுகின்றது. நிறுவனம் தன் வருமானத்திலிருந்து வட்டியைச் செலுத்த வேண்டும். விற்பனை முடிந்த சிறிது காலத்திலேயே 2008 ஆம் ஆண்டின் நிதி நெருக்கடி விளம்பர வருமானத்தைப் பாதித்தது. விளையாட்டு உரிமைகளின் விலை ஏறிக்கொண்டிருந்த அதே வேளையில் யூனிவிஷனின் வருமானத்தில் பெரும்பங்கு வட்டிக்குச் சென்றது.

இதே காலத்தில், நிகழ்ச்சிகளுக்கான உரிமைத்தொகை குறைவாகக் கணக்கிடப்படுகின்றது என்று கூறி டெலிவிசா தொடுத்த வழக்கும் நடந்துகொண்டிருந்தது. 2009 ஜனவரியில் வழக்கு விசாரணையின்போதே இரு தரப்பினரும் இணக்கம் கண்டனர்.

2010 ஆம் ஆண்டு உடன்பாடு

2010 இல் டெலிவிசா யூனிவிஷனில் 120 கோடி டாலர் முதலீடு செய்ய உடன்பட்டது. இதற்கு ஈடாக அதற்கு உடனடியாக 5 விழுக்காடு பங்கும், சட்டம் இடங்கொடுக்கும்போது பங்குகளாக மாற்றிக்கொள்ளத்தக்க கடன் பத்திரங்களும் கிடைத்தன. நிகழ்ச்சி ஒப்பந்தம் 2020 வரையேனும் நீளும் வகையில் புதுப்பிக்கப்பட்டது. யூனிவிஷனின் வருமானத்தில் டெலிவிசாவுக்குச் செல்லும் உரிமைத்தொகை ஏறத்தாழ 9 விழுக்காட்டிலிருந்து ஏறத்தாழ 12 விழுக்காடாக உயர வழி செய்யப்பட்டது.

விளையாட்டு அலைவரிசையைப் பொறுத்தவரை இவ்வுடன்பாட்டின் முக்கியமான பகுதி வேறொன்று. இணையவழி உரிமைகளோடு, டெலிவிசாவின் கட்டுப்பாட்டில் இருந்த மெக்சிக்கோக் கழகங்களின் கால்பந்தாட்டங்களை அமெரிக்காவில் ஒளிபரப்பும் உரிமையும் யூனிவிஷனுக்கு உறுதி செய்யப்பட்டது. 24 மணி நேர விளையாட்டு அலைவரிசை ஒன்றை நிரப்பத் தேவையான ஆட்டங்கள் இதன் மூலம் கிடைத்தன.

அலைவரிசையின் தொடக்கம்

எசுப்பானிய மொழி விளையாட்டு அலைவரிசைகளின் களத்தில் யூனிவிஷன் காலந்தாழ்த்தியே நுழைந்தது. பின்னர் ஃபாக்ஸ் டெப்போர்ட்டெஸ் என்று பெயர் பெற்ற அலைவரிசை 1990களிலேயே செயற்பட்டு வந்தது. கோல்டிவி 2003 இலும், ஈஎஸ்பிஎன் டெப்போர்ட்டெஸ் முழுநேர அலைவரிசையாக 2004 ஜனவரியிலும் தொடங்கின. யூனிவிஷன் தன் விளையாட்டு நிகழ்ச்சிகளைப் பொது அலைவரிசைகளிலேயே காட்டி வந்தது.

ஒரு பின்னடைவுதான் புதிய அலைவரிசையின் தேவையைக் கூர்மையாக்கியது. 2011 அக்டோபரில், 2018, 2022 உலகக்கோப்பைகள் அடங்கிய 2015–2022 காலப் பகுதிக்கான எசுப்பானிய மொழி உரிமையை பிஃபா அமைப்பு டெலிமுண்டோவுக்கு அளித்தது. இதன் விலை ஏறத்தாழ 60 கோடி டாலர் எனச் செய்திகள் தெரிவித்தன. 2015 பிப்ரவரியில், 2026 ஆம் ஆண்டுப் போட்டிக்கான உரிமையும் ஏலமின்றி அந்நிறுவனத்துக்கே நீட்டிக்கப்பட்டது. 1978 முதல் யூனிவிஷனின் அடையாளமாக விளங்கிய போட்டி இவ்வாறு கைநழுவியது.

உலகக்கோப்பை நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரு மாதமே நடப்பது. ஆண்டு முழுவதும் நடக்கும் கூட்டிணைவுப் போட்டிகளை நம்புவது மாற்று வழியாயிற்று. 2012 ஏப்ரலில் டிஷ் நெட்வொர்க் செயற்கைக்கோள் சேவையின் வழியாக யூனிவிஷன் டெப்போர்ட்டெஸ் நெட்வொர்க் தொடங்கப்பட்டது. பிற கேபிள் சேவைகள் படிப்படியாக இதைச் சேர்த்துக்கொண்டன. 2014 உலகக்கோப்பையில் மெக்சிக்கோவும் நெதர்லாந்தும் மோதிய ஆட்டத்தை யூனிவிஷனில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் கண்டனர். அதுவே யூனிவிஷன் ஒளிபரப்பிய கடைசி உலகக்கோப்பை ஆகும்.

மெக்சிக்கோக் கூட்டிணைவின் உரிமை முறை

மெக்சிக்கோவின் முதல்தரக் கால்பந்துப் போட்டியான லீகா எம்எக்ஸ் 18 கழகங்களைக் கொண்டது. ஆண்டுக்கு இரண்டு தொடர்கள் நடைபெறுகின்றன. ஆண்டின் பிற்பாதியில் நடப்பது அபெர்த்தூரா (திறப்பு) எனவும், முற்பாதியில் நடப்பது கிளௌசூரா (நிறைவு) எனவும் அழைக்கப்படுகின்றன. இதனால் ஏறத்தாழ ஆண்டு முழுவதும் ஆட்டங்கள் உள்ளன. ஒவ்வொரு தொடரின் இறுதியிலும் வெளியேற்றச் சுற்று நடைபெறுகின்றது.

ஐரோப்பாவின் பல கூட்டிணைவுகளில் எல்லா ஆட்டங்களின் ஒளிபரப்பு உரிமையும் மொத்தமாக விற்கப்பட்டு, வருவாய் கழகங்களிடையே பகிரப்படுகின்றது. மெக்சிக்கோவில் நடைமுறை வேறு. தன் சொந்த அரங்கில் ஆடும் ஆட்டங்களின் உரிமையை அந்தந்தக் கழகமே தனித்தனியாக விற்கின்றது. ஆகவே ஒரே வாரத்தின் ஆட்டங்கள் பல அலைவரிசைகளில் சிதறிக் கிடக்கும். வெளியேற்றச் சுற்றில் ஒரே இணையின் முதல் ஆட்டம் ஓர் அலைவரிசையிலும் மறு ஆட்டம் வேறோர் அலைவரிசையிலும் வருவதும் உண்டு. கழகம் தன் ஒப்பந்தத்தை மாற்றினால் ரசிகரும் அலைவரிசையை மாற்ற வேண்டியிருக்கும்.

டெலிவிசாவின் வழியாகக் கழகங்களின் உரிமையைப் பெற்ற யூனிவிஷனுக்கு இம்முறை பெரும் வாய்ப்பாக அமைந்தது. லீகா எம்எக்ஸ் ஆட்டங்களின் பெரும்பகுதி அதனிடம் குவிந்தது. ஐக்கிய அமெரிக்காவில் மொழி வேறுபாடின்றிக் கணக்கிட்டாலும் மிகுதியானோர் பார்க்கும் கால்பந்துக் கூட்டிணைவாக லீகா எம்எக்ஸ் இக்காலத்தில் விளங்கியது. அமெரிக்காவின் சொந்தக் கூட்டிணைவான எம்எல்எஸ் போட்டிகளையும் 2015 முதல் 2022 வரை யூனிவிஷன் குழுமம் ஒளிபரப்பியது. 2018–19 பருவத்திலிருந்து ஐரோப்பிய வாகையர் கூட்டிணைவின் எசுப்பானிய மொழி உரிமையும் சேர்ந்தது.

டியுடிஎன் உருவாக்கம்

மெக்சிக்கோவில் டெலிவிசா 2009 இல் டிடிஎன் என்ற கட்டண விளையாட்டு அலைவரிசையைத் தொடங்கியிருந்தது. ஒரே ஆட்டத்துக்கு மெக்சிக்கோ நகரிலும் புளோரிடாவின் டோரல் நகரிலும் இரு வேறு குழுக்கள் தனித்தனியே பணியாற்றின.

2017 ஜனவரியில் கூட்டாட்சித் தொடர்பாடல் ஆணையம், யூனிவிஷனில் வெளிநாட்டவரின் மொத்தப் பங்கு 49 விழுக்காடு வரையும், டெலிவிசாவின் பங்கு 40 விழுக்காடு வரையும் உயர அனுமதி வழங்கியது. 1986 இல் உரிமங்களை இழக்கச் செய்த அதே சட்டத்தின் கீழ், முப்பது ஆண்டுகளுக்குப் பின் இத்தளர்வு கிடைத்தது. 2015 இல் அறிவிக்கப்பட்ட மறு பங்கு வெளியீட்டுத் திட்டத்தை 2018 மார்ச்சில் யூனிவிஷன் கைவிட்டது. கடனைக் குறைக்கவும் செலவைச் சுருக்கவும் வேண்டிய நிலையில், விளையாட்டுப் பிரிவுகளை ஒன்றிணைப்பது இரு நிறுவனங்களுக்கும் ஏற்புடையதாயிற்று.

ஜூலை 20, 2019 இல் டியுடிஎன் என்ற ஒரே பெயர் இரு நாடுகளிலும் நடைமுறைக்கு வந்தது. வர்ணனையாளர்கள், செய்தியாளர்கள், கலையகங்கள் ஆகியவற்றை இரு தரப்பினரும் பகிர்ந்துகொண்டனர். 2017 இல் தொடங்கப்பட்ட வானொலிப் பிரிவும் இதே பெயரைப் பெற்றது. ஆயினும் அப்போது டெலிவிசாவும் யூனிவிஷனும் தனித்தனி நிறுவனங்களாகவே இருந்தன. தாய் நிறுவனங்கள் இணைவதற்கு இரண்டரை ஆண்டுகள் முன்பே அவற்றின் விளையாட்டுப் பிரிவுகள் இணைந்துவிட்டன.

நிறுவன இணைப்பு

2020 பிப்ரவரியில், 2007 இன் முதலீட்டாளர்கள் தம் பங்கை விற்கவிருப்பதாக அறிவித்தனர். 64 விழுக்காடு பங்கினைச் சர்ச்லைட் கேப்பிட்டல் நிறுவனமும் வேட் டேவிஸ் நிறுவிய ஃபோர்ஜ்லைட் நிறுவனமும் வாங்கின. இவ்விற்பனை 2020 டிசம்பர் இறுதியில் நிறைவுற்றது. டெலிவிசா தன் பங்கைத் தக்கவைத்துக்கொண்டது.

2021 ஏப்ரலில், டெலிவிசாவின் உள்ளடக்கப் பிரிவை யூனிவிஷனுடன் இணைக்கும் 480 கோடி டாலர் மதிப்புள்ள உடன்பாடு அறிவிக்கப்பட்டது. சாப்ட்பேங்க், கூகுள் ஆகியவையும் இதில் முதலீடு செய்தன. ஜனவரி 31, 2022 இல் இணைப்பு நிறைவுற்று டெலிவிசாயூனிவிஷன் பிறந்தது. புதிய நிறுவனத்தில் ஏறத்தாழ 45 விழுக்காடு பெற்ற டெலிவிசா, அதன் மிகப் பெரிய பங்காளி ஆயிற்று.

இவ்விணைப்பில் எவை சேர்க்கப்படவில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. கேபிள், செயற்கைக்கோள் சேவைகளும், கிளப் அமெரிக்கா கழகமும், அஸ்தெக்கா அரங்கமும் டெலிவிசாவிடமே இருந்தன. கழகமும் அரங்கமும் 2024 பிப்ரவரியில் ஒல்லாமனி என்ற தனி நிறுவனமாகப் பிரிக்கப்பட்டு, மெக்சிக்கோப் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டன.

வருமானமும் பிணக்குகளும்

டியுடிஎன் போன்ற கேபிள் அலைவரிசைகளுக்கு இரண்டு வருமான வழிகள் உள்ளன. ஒன்று விளம்பரம். மற்றொன்று, ஒவ்வொரு சந்தாதாரருக்கும் இவ்வளவு என்று கேபிள், செயற்கைக்கோள் நிறுவனங்கள் மாதந்தோறும் செலுத்தும் கட்டணம். நேரடி விளையாட்டைப் பார்வையாளர் பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப்போடுவதில்லை. ஆகையால் விளையாட்டு அலைவரிசைகள் கூடுதல் கட்டணம் கேட்கும் நிலையில் உள்ளன. கட்டணத்தில் உடன்பாடு எட்டப்படாவிடின் அலைவரிசை திரையிலிருந்து மறைகின்றது.

அலைவரிசையை முதலில் ஏற்றுக்கொண்ட டிஷ் நெட்வொர்க்குடனேயே மிக நீண்ட பிணக்கு ஏற்பட்டது. 2018 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் அச்சேவையிலிருந்து நீங்கிய யூனிவிஷன் அலைவரிசைகள் 2019 மார்ச்சிலேயே திரும்பின. ஏறத்தாழ ஒன்பது மாதங்கள் அச்சந்தாதாரர்கள் லீகா எம்எக்ஸ் தொடர்களை இழந்தனர். 2025 செப்டம்பர் இறுதியில் யூடியூப் டிவி சேவையிலிருந்தும் இக்குழுமத்தின் அலைவரிசைகள் இதே காரணத்தால் நீக்கப்பட்டன. எசுப்பானிய மொழி அலைவரிசைகளுக்கு ஆங்கில அலைவரிசைகளைவிடக் குறைந்த மதிப்புத் தரப்படுகின்றது என்பது யூனிவிஷன் தரப்பின் வாதம். விலையேற்றம் இறுதியில் சந்தாதாரர் தலையிலேயே விழும் என்பது சேவை நிறுவனங்களின் மறுமொழி.

இணையவழி ஒளிபரப்பு மற்றொரு மாற்றத்தைக் கொண்டுவந்தது. டெலிவிசாயூனிவிஷன் 2022 இல் விக்ஸ் என்ற இணையச் சேவையைத் தொடங்கியது. இதன் கட்டணப் பிரிவு அதே ஆண்டு ஜூலையில் வந்தது. முன்னர் தொலைக்காட்சியில் கிடைத்த ஆட்டங்கள் சில கட்டணச் சேவைக்கு மட்டுமே உரியனவாயின. எம்எல்எஸ் போட்டிகள் 2023 முதல் ஆப்பிள் நிறுவனத்தின் சேவைக்குச் சென்றன. மறுபுறம், 2024 பிப்ரவரியில் அமெரிக்கக் கால்பந்தின் சூப்பர் போல் இறுதியாட்டத்தை யூனிவிஷன் முதன்முறையாக எசுப்பானியத்தில் ஒளிபரப்பியது. அதே ஆண்டின் கோப்பா அமெரிக்கா, ஐரோப்பியக் கோப்பை ஆகிய போட்டிகளும் இக்குழுமத்தின் அலைவரிசைகளில் இடம்பெற்றன.

விமர்சனங்கள்

ஒளிபரப்பாளரும் கழக உரிமையாளரும் ஒரே குழுமத்தைச் சேர்ந்திருப்பது மெக்சிக்கோவில் நெடுங்காலமாக விமர்சிக்கப்படுகின்றது. தன் சொந்தக் கழகம் ஆடும் ஆட்டத்தை நடுநிலையோடு வர்ணிக்க இயலுமா, ஆட்ட நேரங்கள் ரசிகர்களின் வசதிக்காக வகுக்கப்படுகின்றனவா அல்லது தொலைக்காட்சியின் வசதிக்காகவா என்பன அடிக்கடி எழும் வினாக்கள் ஆகும். யூனிவிஷன் டெப்போர்ட்டெஸ் பிரிவுக்கும் பின்னர் டியுடிஎன்னுக்கும் தலைமை வகித்த குவான் கார்லோஸ் ரொட்ரீகஸ், 2023 இல் மெக்சிக்கோ கால்பந்துக் கூட்டமைப்பின் உயர் ஆணையராகப் பொறுப்பேற்றதும் இந்த நெருக்கத்துக்கு எடுத்துக்காட்டாகச் சுட்டப்பட்டது.

இதற்கு மாறான கருத்தும் உண்டு. ஆங்கில ஊடகங்கள் கால்பந்தைப் புறக்கணித்த பல பத்தாண்டுகளில், குடியேறிய மக்களுக்கு அவர்களுடைய ஊர்க் கழகங்களின் ஆட்டத்தை அவர்களின் மொழியில் காட்டியவை டெலிவிசா வழி வந்த இவ்வொளிபரப்புகளே. வெளிநாட்டு உடைமையைத் தடுத்த சட்டம், நிலையங்களின் உரிமையாளரை மாற்றியதேயன்றி, திரையில் தோன்றிய நிகழ்ச்சிகளின் மூலத்தை மாற்றவில்லை.

காலவரிசை

1955 – சான் அந்தோனியோவில் முதலாவது எசுப்பானிய மொழித் தொலைக்காட்சி நிலையம்.
1986 – வெளிநாட்டுக் கட்டுப்பாட்டைக் காரணங்காட்டி உரிமப் புதுப்பிப்புக்கு எதிரான தீர்ப்பு, ஹால்மார்க்குக்கு விற்பனை.
1992 – பெரென்சியோ, டெலிவிசா, வெனெவிசியோன் குழுவினர் யூனிவிஷனை வாங்குதல்.
2007 – முதலீட்டு நிறுவனங்கள் கையகப்படுத்தல், டெலிவிசா வெளியேற்றம்.
2010 – டெலிவிசாவின் மறுவருகை. மெக்சிக்கோக் கால்பந்து உரிமைகள் உறுதியாதல்.
2011 – உலகக்கோப்பை உரிமை டெலிமுண்டோவுக்குச் செல்லுதல்.
2012 – யூனிவிஷன் டெப்போர்ட்டெஸ் நெட்வொர்க் தொடக்கம்.
2017 – வெளிநாட்டுப் பங்கு வரம்பு தளர்த்தப்படுதல்.
2019 – டியுடிஎன் எனப் பெயர் மாற்றம்.
2022 – டெலிவிசாயூனிவிஷன் உருவாக்கம்; விக்ஸ் சேவை தொடக்கம்.
2024 – கிளப் அமெரிக்காவும் அஸ்தெக்கா அரங்கமும் ஒல்லாமனி நிறுவனமாகப் பிரிதல்.